கைராசி எண்

டாக்டர் சௌந்தரவல்லியின் அறைக்கு வெளியே தினமும் ஒரு கூத்து நடக்கும். டோக்கனைக் கையில் வாங்கிய ஆள் அதில் அவள் பெயரைப் பார்ப்பார். பார்த்ததும் சட்டைப் பையைத் தடவுவார். எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "இதோ வந்துடறனுங்க" என்று பொதுவாக யாரிடமோ சொல்லிவிட்டுப் போவார். போனவர் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மற்ற டாக்டர்களின் அறைகளுக்கு வெளியே உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். இங்கே நாற்காலிகள் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்.

"அந்தம்மா கையில பேப்பர் போச்சுன்னா ஆளு படுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகோணும்" என்று கேண்டீனில் ஒருவர் சொன்னதை அவளே காதால் கேட்டிருக்கிறாள். சொன்னவர் திரும்பி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதையில் கும்பிட்ட மாதிரி தெரியவில்லை.

கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஆஸ்பத்திரி அது. நோயாளிகள் திருப்தியாகப் போகிறார்களா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் ஒரு படிவம் கொடுப்பார்கள். நம் ஜனங்கள் எல்லாக் கேள்விக்கும் ‘மிக நன்று’ என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டு, எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரியைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லிப் பழக்கமில்லை. அடுத்த தடவை வரும்போது ஊசியை அழுத்திக் குத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. படிவத்தை நம்பி ஏமாந்த நிர்வாகம் கடைசியில் ‘நிறைவு’ என்ற மென்பொருளை வாங்கிப் போட்டது. உள்ளே வருகிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மெல்லிய பட்டை ஒன்றை மாட்டிவிடுவார்கள். நாடி, வியர்வை, குரலின் நடுக்கம், மூச்சு என்று அது எதையெதையோ படிக்கும். வாய் பொய் சொன்னாலும் உடம்பு சொல்லாதாம். நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அவருடைய கைபேசியிலும் குடும்பத்தார் கைபேசிகளிலும் மாதக்கணக்கில் குசலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். அத்தனையையும் சேர்த்து, பார்த்த டாக்டருக்கு ஒரு எண் போடும்.

வாசலில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரையில் எல்லா டாக்டர்களின் பெயரும் எண்ணும் ஒளிரும். ‘திருப்திக் குறியீடு’ என்று நிர்வாகம் வைத்த பெயர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மருந்தை யார் எழுதினாலும் ஒன்றுதான், எழுதுகிற கை ராசியான கையாக இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த ராசியை எண்ணாகவே போட்டுக் காட்டினால் விடுவோமா? கைராசி எண் என்று ஊர் பெயர் வைத்தது, நிர்வாகமும் சந்தோஷமாக அதையே திரையில் போட்டுக்கொண்டது. பிறகு எந்த நோயாளியை எந்த டாக்டரிடம் அனுப்பினால் திருப்தி கூடும் என்று பொருத்தம் பார்க்கிற வேலையையும் நிறைவிடமே கொடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் சௌந்தராவின் நோயாளிகள் இறக்க ஆரம்பித்தார்கள்.

எல்லா டாக்டருக்கும் நோயாளிகள் இறப்பார்கள். ஆனால் இவளிடம் தலைவலிக்கு வந்தவர் மூளையில் ரத்தம் கசிந்து போனார். சளிக்கு வந்த அம்மாள் அடுத்த மாதம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை மாற்ற வந்தவர் பஸ்ஸிலேயே சாய்ந்தார். முதலில் அவள் தன் மேலேயே சந்தேகப்பட்டாள். இருபத்தைந்து வருஷம் வைத்தியம் பார்த்த கண்ணில் ஏதாவது திரை விழுந்துவிட்டதா? மருத்துவக் கல்லூரியில் கூடப் படித்த டாக்டர் கிரிதரன் பக்கத்து அறையில்தான் இருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் காட்டினாள்.

"ஒரு தப்பும் இல்ல சௌந்தரா. நான் பாத்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்."

"அப்ப ஏன் எனக்கு மட்டும்?"

"நேரம்," என்றான் கிரி. சொல்லும்போது அவள் தோளைத் தட்டினான். அந்த இரக்கம் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. திரையில் முதல் பெயர் அவனுடையது, கடைசிப் பெயர் இவளுடையது. தேறாத கேஸையெல்லாம் யாரோ சொல்லிவைத்துத் தன் தலையில் கட்டுகிறார்கள் என்ற எண்ணம் அன்றைக்கு அவளுக்குள் நுழைந்தது. ஒருமுறை நுழைந்துவிட்டால் அந்த மாதிரி எண்ணம் சும்மா இருக்குமா? கிரி சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்றிருந்தது. நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம் குனிந்து பேசினால் தன்னைப் பற்றித்தான் என்றிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அறையிலேயே முடித்துக்கொள்ளப் பழகினாள்.

நிர்வாக அதிகாரி சம்பத்குமார் அவளைக் கூப்பிட்டு எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. வெல்லமாகப் பேசக்கூடிய மனுஷர்.

"உங்க எண்ணைப் பாத்தீங்களா மேடம்? இப்படியே போனா போர்டுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"யார் சார் எனக்கு இந்தக் கேஸையெல்லாம் அனுப்பறது? என்னைப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க."

"சத்தியமா மனுஷங்க யாரும் அதுல கை வைக்கறதில்ல மேடம். எல்லாம் நிறைவு பாக்கற பொருத்தம். இது கடைசி எச்சரிக்கைன்னு வச்சுக்குங்க."

போன தடவையும் கடைசி எச்சரிக்கைதான். வேறு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் பார்த்தாள். அங்கெல்லாம் முதல் கேள்வியே "உங்க கைராசி எண் எத்தனை மேடம்?" என்பதாக இருந்தது.

இன்பசேகர் என்ற பையன் வந்தது அந்தச் சமயத்தில்தான். பனியன் கம்பெனியில் டிசைனர். மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருந்தான், உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். உள்ளே வரும்போதே முறைப்பாக வந்தான்.

"டோக்கன் வாங்கறப்ப கிரிதரன் டாக்டர் பேருதாங்க இருந்துச்சு. கையில இந்தப் பட்டையை மாட்டுனதும் உங்க பேரு வந்துருச்சு. இதென்னங்க அநியாயம்?"

"ஏன், நான் கையெழுத்துப் போட்டா ஓட மாட்டீங்களா?"

அவன் சிரித்துவிட்டான். நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், நாடி கடிகாரம் மாதிரி சீராக இருந்தது. ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தின் பாதியில் அவன் விழுந்தான். இதயத் தசை பிறவியிலேயே தடித்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அவனுடைய அப்பா ஃபோன் செய்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஒண்ணுமில்லைன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க," என்றார் அவர். மறுபடியும் அதையே சொன்னார். சௌந்தரா ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பட்டையை மாட்டியதும் பெயர் மாறியது என்று அந்தப் பையன் சொன்னானே.

நிறைவைப் பராமரிக்கிற பெண்ணின் பெயர் ஃபர்ஸானா. மாடியில், குளிர்சாதனம் உறுமுகிற சின்ன அறையில் தனியாக இருப்பாள். சௌந்தரா கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் சாகப்போறான்னு உன் மெஷினுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்விக்காக ஃபர்ஸானா ரொம்ப நாளாகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"சாவு பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். இந்த ஆளோட குடும்பம் அடுத்த ஆறு மாசத்துல இந்த ஆஸ்பத்திரி மேல வெறுப்பாகுமா ஆகாதான்னு மட்டும் தெரியும். லட்சக்கணக்கான பேரோட நாடியையும் மூச்சையும் பாத்துப் பாத்து அதுவா கத்துக்கிச்சு. யாரு வீட்டுல எழவு விழுமோ அவங்கதானே ரொம்ப வெறுப்பாவாங்க?"

"அவங்களை எதுக்கு எங்கிட்ட அனுப்பணும்?"

"ஒரு கூடை தக்காளி வாங்கினா அழுகப்போறதை நாம என்ன செய்வோம்? எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கி வைப்போம்ல? எல்லா டாக்டருக்கும் பிரிச்சு அனுப்பினா எல்லாருடைய எண்ணும் கெடும். ஏற்கெனவே கடைசியில இருக்கறவங்ககிட்டயே குமிச்சா கெடறது ஒரு எண்தான். முதல்ல உங்களுக்குத் தற்செயலா ரெண்டு மூணு அந்த மாதிரி வந்திருக்கும். எண் இறங்கியிருக்கும். அப்புறம் அது உங்களை விடல."

எந்த மனிதனும் சௌந்தராவுக்குக் குழி பறிக்கவில்லை. அதில் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் முடியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் டாக்டருங்ககிட்ட சொல்லல? இந்த ஆளைக் கவனமா பாருங்கன்னு ஒரு வார்த்தை போதுமே!"

"அதுகிட்ட யாரும் அதைக் கேக்கலையே மேடம். திருப்தியைத்தான் கேட்டோம். எந்த வியாதின்னு கேட்டாலும் அதுக்குச் சொல்லத் தெரியாது."

"அப்ப நிறுத்து."

"நிறுத்தலாம். மேல சொன்னா வேலை போகும், அது பரவால்ல. ஆனா நிறுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இந்த ஆளுங்க எல்லா ரூமுக்கும் பிரிஞ்சு போவாங்க. அவங்க சாகறது நிக்காது. உங்க எண் மட்டும் ஏறும்."

படியிறங்கும்போது சௌந்தரா நடுப்படியில் நின்றுவிட்டாள். இத்தனை மாதமாகத் தன் அறைக்குள் வந்தவர்கள் ஒவ்வொருவரும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவள்தான் படிக்கவில்லை. இனி படிக்கலாம். என்ன வியாதி என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். உலகத்தில் வேறு எந்த டாக்டருக்கும் கிடைக்காத தகவல் அது. நிறைவைப் பற்றி வெளியே மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தாள். அந்த முடிவு சரியா என்று அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

அடுத்து வந்தவர் மஞ்சள் மண்டி நாச்சிமுத்து. பந்தியில் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டதால் வாயுத்தொல்லை என்றார். ஆள் தேக்குமரம் மாதிரி இருந்தார். சௌந்தரா அவரைத் தலையிலிருந்து கால்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தாள். ரத்தம், ஸ்கேன், மறுபடி ஸ்கேன் என்று எழுதியதும் மனுஷர் பொங்கிவிட்டார்.

"ஏனுங் டாக்டரம்மா, வாயுவுக்கு ஒரு மாத்திரை கேட்டு வந்தா என்னைய மிசினுக்குள்ள படுக்கப் போடறீங்களே! உங்க பேரைப் பாத்தப்பவே எந்திரிச்சுப் போகச் சொன்னா எம்பட ஊட்டுக்காரி."

"இன்னிக்கு மட்டும் நான் சொல்றதைக் கேளுங்க. ஒண்ணுமில்லேன்னா வாசல்ல நின்னு என்னைத் திட்டுங்க, நானும் வந்து கேக்கறேன்."

வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூனாக வீங்கி, வெடிக்கிற பதத்தில் இருந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்த நாச்சிமுத்து குடும்பத்தோடு வந்து, அவள் தடுத்தும் கேட்காமல், மாலை போட்டுவிட்டுப் போனார். மண்டியில் போவோர் வருவோரிடமெல்லாம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

அதன்பின் சௌந்தரா வேட்டை நாய் மாதிரி ஆகிவிட்டாள். இருமிக்கொண்டு வந்தவரின் கால் ரத்தக்குழாயில் உறைந்திருந்த ரத்தக்கட்டி அகப்பட்டது. முழங்கால் வலிக்கு வந்தவருக்குக் குடலில் கட்டி, நல்லவேளை ஆரம்பக்கட்டம். எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படாமல் போய்ச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை நினைத்து அவளுக்குத் தூக்கம் வராது. ஆனாலும் பிழைத்தவர்கள்தான் அதிகம். அவர்களுடைய குடும்பங்களின் சந்தோஷம் கைபேசி கைபேசியாக நிறைவுக்குப் போய்ச் சேர்ந்தது.

எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அவள் அறைக்கு வெளியே இப்போது நிற்க இடமில்லை. வாழைத்தாரும் இளநீரும் வந்து இறங்கின. கல்யாணப் பத்திரிகையை முதலில் அவள் கையில் கொடுத்து வாங்கிப்போனார்கள். திரையில் அவள் பெயர் உச்சிக்கு வந்த அன்று சம்பத்குமார் பொன்னாடை போர்த்தி, ஆளனுப்பிப் படமும் எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கிரி கைதட்டவில்லை, அவன் அங்கே இல்லை.

பொன்னாடையோடு அறைக்குத் திரும்பிய சௌந்தரா அன்றைய நோயாளிகளைப் பார்த்தாள். சளி. சளி. கழுத்துப் பிடிப்பு. நேற்றும் இப்படித்தான். வழக்கம்போலத் தேடினாள், எல்லாம் சுத்தமாக இருந்தது. போன வாரமும் எதுவும் அகப்படவில்லை. யாருக்கும் எதுவும் இல்லை. அவள் பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

"குமிக்கறது இப்ப யார்கிட்ட போகுது?"

"யாரு எண் கடைசியில இருக்கோ அவங்ககிட்ட," என்றாள் ஃபர்ஸானா. "கீழ திரையைப் பாக்கலையா மேடம்?"

கடைசிப் பெயர் கிரிதரன்.

பெரிய மில் குடும்பத்து அம்மாள் ஒருவர் அவன் பார்வையில் இருந்தபோது காலமாகியிருந்தார். சொந்தபந்தம் ஒரு ஊர் அளவுக்கு இருந்தது. அத்தனை பேர் துக்கமும் ஒரே நேரத்தில் சேர்ந்து அவன் எண்ணைக் கிணற்றில் தள்ளியது. அதன்பின் நடந்ததெல்லாம் சௌந்தராவுக்கு மனப்பாடம். அவள் அவன் அறைக்குப் போனாள். ஷேவ் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டுக் கிரி சிரித்தான். பழைய சிரிப்பு இல்லை அது.

"எமன் கணக்கு எழுதற மெஷினா? நீ மேல போகப் போக நான் கீழ போறேன். எனக்கு அது மட்டும்தான் தெரியுது சௌந்தரா."

"நான் உன் பழைய ஃப்ரெண்டு, கிரி. உன்கிட்ட வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் முழுசா டெஸ்ட் எழுது. அது போதும்."

"டெஸ்ட் எழுதினா காசு பிடுங்கறான்னு சொல்லுவாங்க. எண் இன்னும் இறங்கும். அதுதான் உனக்கு வேணுமா? என்னை வெளிய அனுப்பணும்னா நேரா சொல்லு, இந்தக் கதையெல்லாம் எதுக்கு?"

சம்பத்குமாரிடம் சௌந்தரா சொன்ன வார்த்தைகள்தான் கிட்டத்தட்ட. அந்த வாரம் கிரி பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இறந்தார். அடுத்த வாரம் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பெண் ஒருத்தி.

அந்தக் கடைசி இடத்தைத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. கிரிக்கும் கீழே இறங்கினால்தான் ஜாதகம் கெட்டவர்கள் தன்னிடம் வருவார்கள். இறங்குவதில் என்ன கஷ்டம், நாலு பேரைத் திட்டினால் போதாதா என்று நினைத்தாள். காத்திருக்க வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள். சாதாரணச் சளிக்கு வந்த ஒருவரை, "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்கு வருவீங்க? வீட்டுல வெந்நீர் வைக்க ஆளில்லையா? எந்திரிச்சுப் போங்க!" என்று கத்தியே விட்டாள்.

அந்த ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்கம்மாளுக்கு அப்புறம் என்னைய இப்படி உரிமையா வைய ஆளில்லீங்க. உங்க வாயால வைஞ்சதே போதும், பாதி சளி போயிருச்சு."

எண் இன்னும் ஏறியது. ராசியான டாக்டர் திட்டினால் அது பாசம் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். அம்மா வைதால் நோய் ஓடிவிடும் என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். சௌந்தரா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. இருமலோடு ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தாள். சௌந்தரா நன்றாகப் பார்த்துவிட்டு, மருந்தே வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்றாள்.

"ஒரு ஊசியாச்சும் போட்டு உடுங்க அம்மணி."

"தேவையில்லம்மா."

"டானிக்கு?"

"அதுவும் வேண்டாம். பிள்ளை நல்லா இருக்கா."

அந்தப் பெண்ணின் முகம் கல்லாகிவிட்டது. "ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கா இத்தனை தூரம் பஸ்ஸேறி வந்தேன்?" என்று வெளியே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் திரையில் சௌந்தராவின் எண் முதன்முறையாகச் சறுக்கியிருந்தது.

இவர்கள் எதையும் பொறுப்பார்கள், ஊசி போடாத டாக்டரைப் பொறுக்கமாட்டார்கள்! அவள் இதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது தன்னிடம் வருகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று நிறைவே தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. என்றாலும் இன்பசேகரை நினைத்து ஒவ்வொருவரையும் முழுக்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னாள். ஊசி வேண்டாம், குளுக்கோஸ் பாட்டில் வேண்டாம், சத்து மாத்திரை தண்டம், நடந்து வீட்டுக்குப் போங்கள் என்றாள். வெள்ளைக் கோட்டு போட்ட முதல் நாளிலிருந்து சொல்ல ஆசைப்பட்டு, சொல்லாமல், எல்லோரையும்போலக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தவள்தான் அவளும். ஆயுசில் அவ்வளவு நேர்மையாக வைத்தியம் பார்த்ததே இல்லை. எண் மளமளவென்று சரிந்தது. "புகழு தலைக்கேறிருச்சு அந்தம்மாளுக்கு, ஊசியக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குது" என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள்.

கிரிக்குக் கீழே அவள் பெயர் போனபோது சம்பத்குமாரிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனாள். அதுதான் அவள் பயமெல்லாம். அனுப்பிவிட்டால் கடைசி இடம் மறுபடி வேறு யாருக்கோ போய்விடும். கெஞ்சியாவது இருந்துவிட வேண்டும் என்று வாசகங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள்.

சம்பத்குமார் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற தாள் மேஜை மேல் தயாராக இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க மேடம். காபி சொல்லட்டுமா?"

"என் எண்ணைப் பாக்கலையா சார்?"

"பாத்தேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "கிரிதரன் சாருக்குப் பெரிய பெரிய குடும்பமெல்லாம் பேஷண்டு. அவர் கடைசியில இருந்தா ஆஸ்பத்திரிக்கு நல்லதில்ல. எப்பவும் ஒருத்தர் கடைசியில இருந்துதான் ஆகணும். உங்களுக்குப் பழக்கம் இருக்கு."

அவருக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். அத்தனை கடைசி எச்சரிக்கைக்கு அப்புறமும் தன்னை அனுப்பாமல் வைத்திருந்தது ஏன் என்று சௌந்தராவுக்கு அப்போது விளங்கியது. மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அந்த வெல்லப் பேச்சு பேசும் வாயில் போடலாம் போல ஆத்திரம் வந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். முதல் நோயாளி யாராக இருந்தாலும் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. கிரிதரன் நின்றான். அன்றைக்கு நன்றாக ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். மணிக்கட்டில் பட்டை இருந்தது.

"ஸ்டாஃபுக்கெல்லாம் வருஷா வருஷம் செக்-அப் பண்ணுவாங்கல்ல, அதுக்கு வந்தேன்," என்றான். "எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

டோக்கனை மேஜை மேல் வைத்தான். அதில் அவள் பெயர் இருந்தது. சௌந்தரா அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கவுண்டர்ல சிரிச்சாங்க. வேற டாக்டருக்கு மாத்தித் தரட்டுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன்."

"உனக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே, கிரி."

"இல்ல," என்றான். உட்கார்ந்தான். மணிக்கட்டிலிருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம், சௌந்தரா."

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். ஃபோனில் நர்ஸைக் கூப்பிட்டு, மத்தியானம் வரை யாரையும் அனுப்ப வேண்டாம் என்றாள்.

"சட்டையைக் கழட்டிட்டுப் படு."

படுத்தான். "எங்க இருந்து தேடுவ?"

"தலையில இருந்து."

"எதைன்னு தெரியுமா?"

"தெரியாது," என்றாள் சௌந்தரா. டார்ச்சை எடுத்து அவன் கண்ணருகே கொண்டுபோனபோது வெளிச்சம் ஆடியது. அவள் கை நடுங்குவதைக் கிரி பார்த்துவிட்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்து, டார்ச்சை அசையாமல் நிறுத்திக் கொடுத்தான்.